கடலில் கொதிக்கும் உலை

புயல் எங்கே கரையேறும் என்பதை இன்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு வலுக்கும் என்று சொல்வதில்தான் தடுமாற்றம். கடலும் காற்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நடக்கும் வெப்பக் கொடுக்கல் வாங்கலை யாராலும் இன்னும் முழுதாக அளந்து முடிக்க முடியவில்லை.

2017 நவம்பர் 29 முற்பகலில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படி ஒன்று உருவாவது வழக்கம்தான். அது இலங்கையைத் தாண்டிக் குமரிக் கடலுக்குள் இறங்கியது. மறுநாள் முற்பகலில் அது புயலாகிவிட்டது. பெயர் ஒக்கி. தாழ்வு மண்டலம் புயலாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாள்.

குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துக்காரர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்களில் பலர் கிளம்பிய நாளில் புயலும் இல்லை, புயல் வரும் என்ற பேச்சும் இல்லை. கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது அவர்கள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள், அல்லது திரும்பி வரவே இல்லை.

எச்சரிக்கை ஏன் பிந்தியது, தேடுதல் ஏன் பிந்தியது என்ற கேள்விகள் அன்று குமரிக் கரையில் கொந்தளித்தன. கேட்கப்பட வேண்டிய கேள்விகள் அவை. அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. ஒரு தாழ்வு மண்டலத்துக்கு ஒரே நாளில் அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? அதைக் கணினியில் போட்டு முன்கூட்டியே பார்த்துவிட முடியாதா?

புயலின் பாதையைக் கணிப்பதில் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிய முன்னேற்றம் வந்திருக்கிறது. ஆற்றில் மிதக்கும் சருகைப் போலத்தான் புயல் நகர்கிறது. சுற்றியுள்ள பெருங்காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். செயற்கைக்கோள்கள் ஆற்றின் போக்கைக் காட்டிவிடுகின்றன, கணினி சருகின் போக்கைச் சொல்லிவிடுகிறது. வலிமையைச் சொல்ல இது போதாது. அதற்குப் புயலின் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். அதற்கும் கீழே, அது கால் வைத்திருக்கும் கடல் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அது எடுத்துப்போகும் அளவு சாதாரணமானதன்று. ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறக்குறைய 4.2 லட்சம் ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 25 லட்சம் ஜூல் வேண்டும். ஆறு மடங்கு! அந்த வெப்பம் ஆவிக்குள் ஒளிந்துகொண்டு மேலே போகிறது. உயரத்தில் ஆவி மேகமாகக் குளிரும்போது வெளியே வருகிறது. உள்ளுறை வெப்பம் என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் சரியாகவே வைத்திருக்கிறார்கள்.

கடல் என்பது ஒரு மாபெரும் மண்பானை. மேலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் ஆழமுள்ள கடல்நீர், அதற்கு நேர் மேலே வானம் வரைக்கும் உள்ள மொத்தக் காற்றுக்கும் சமமான வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண நாளில் வெப்பமண்டலக் கடலின் ஒரு சதுர மீட்டரிலிருந்து 100 முதல் 150 வாட் அளவுக்கு ஆவி வழியாக வெப்பம் வெளியேறுகிறது. வலுத்த புயலின் நடுப்பகுதியில் இது 1,000 வாட்டைத் தாண்டுகிறது. சித்திரை உச்சிவெயில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் இறக்கும் வெப்பம் அவ்வளவுதான். வெயிலுக்கு அந்த உக்கிரம் சில மணி நேரம். புயலுக்கு அடியில் கடல் இரவும் பகலும் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

பின்லாந்தைச் சேர்ந்த எரிக் பால்மேன் 1948-ல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: சுமார் 26, 27 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான கடலில்தான் இந்தப் புயல்கள் பிறக்கின்றன. அதற்குப் பின் பலர் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1986-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் கெர்ரி இமானுவேல் புயலை ஒரு வெப்ப எந்திரமாகவே எழுதிக் காட்டினார். அடியில் 28 டிகிரி கடல், உச்சியில் உறைநிலைக்குக் கீழே 70 டிகிரி வரை குளிர்ந்த வானம். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில், கடல் கொடுக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காற்றின் வேகமாக மாற்ற முடியும். மனிதன் செய்த எத்தனையோ எந்திரங்கள் இந்தத் திறனுக்கு ஏங்க வேண்டும்.

இந்த எந்திரம் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்கிறது. காற்று வேகமெடுத்தால் ஆவியாதல் கூடும். ஆவி கூடினால் மேலே வெளிப்படும் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் காற்று இன்னும் வேகமெடுக்கும். அப்படியானால் இதற்கு முடிவே இல்லையா?

இருக்கிறது. கடல்மேல் உரசி ஓடும் காற்று ஆற்றலை இழந்துகொண்டும் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கடலிலிருந்து வரும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உராய்வில் போகும் ஆற்றலோ எட்டு மடங்காகும். வரவு நடந்து வருகிறது, செலவு ஓடி வருகிறது. இரண்டும் சமமாகும் இடமே அந்தப் புயல் எட்டக்கூடிய உச்சம்.

ஆகவே புயலின் தலைவிதி இரண்டு எண்களில் நிற்கிறது. கடலிலிருந்து காற்றுக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பது ஒன்று. காற்றைக் கடல் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பது மற்றொன்று. வெப்பப் பரிமாற்றக் கெழு, இழுவைக் கெழு என்பார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம் கூடினால் புயலின் உச்ச வேகமும் கூடும்.

இந்தக் கெழுக்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புயலுக்கான கணினி மாதிரிகள் கடலையும் வானத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. மிக நுணுக்கமான மாதிரியிலும் ஒரு கட்டம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம். ஆனால் வெப்பம் கைமாறுவது மில்லிமீட்டர் தடிமனுள்ள நீர்த் தோலில், நுரைக் குமிழியில், தெறிக்கும் திவலையில். அவ்வளவு பெரிய கண் உள்ள சல்லடையில் இதெல்லாம் நிற்காது. அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கொடியில் போட்ட ஈரத்துணி எப்போது சீக்கிரம் காயும்? காற்று அடிக்க வேண்டும், அந்தக் காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். அதே கணக்குத்தான் இங்கேயும். காற்றின் வேகத்தை, கடலை ஒட்டிய ஈரப்பதத்துக்கும் மேலே உள்ள காற்றின் ஈரப்பதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். அதை மறுபடி ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். அந்தக் கெழுவுக்குள்தான் அலை, நுரை, திவலை எல்லாவற்றையும் திணித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கெழுவை அளந்த இடங்கள் பெரும்பாலும் அமைதியான கடல்கள். உலகம் முழுக்கப் புழங்கும் கோர் என்ற கணக்கீட்டு முறை, 1992-93-ல் மேற்குப் பசிபிக்கின் வெதுவெதுப்பான கடலில் நடந்த ஒரு பெரும் பரிசோதனையிலிருந்து பிறந்தது. அங்கே மெல்லிய காற்றுதான் அதிகம். புயல் எச்சரிக்கை விடும் வேகத்தைத் தாண்டி அளவெடுக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. அதனால் மெல்லிய காற்றில் வரைந்த கோட்டை அப்படியே நீட்டிப் புயலுக்கும் பொருத்தினார்கள். காற்று வலுக்க வலுக்க அலை உயரும், கடல் கரடுமுரடாகும், இழுவையும் ஏறிக்கொண்டே போகும் என்பது நம்பிக்கை. கேட்டால் நியாயமாகவே தோன்றும்.

அந்த நம்பிக்கையில் ஒரு முரண்பாடு இருந்தது. இழுவை அப்படி ஏறிக்கொண்டே போனால், நாம் கண்ணால் பார்க்கும் கொடும்புயல்கள் உருவாகவே முடியாது. வெப்பக் கெழுவை இழுவைக் கெழுவால் வகுத்த அந்த விகிதம் சுமார் 0.75-க்குக் கீழே போனால் வலுத்த புயல் இருக்க முடியாது என்று 1995-ல் இமானுவேல் கணக்குக் காட்டினார். கொடும்புயல்களோ ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தன.

விடை வானத்திலிருந்து விழுந்தது. 1943-ல் ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க விமானி, டெக்சாஸ் கரையருகே ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒரு புயலுக்குள் புகுந்து திரும்பினார். அன்றிலிருந்து அமெரிக்கர்கள் புயலுக்குள் பறக்கிறார்கள். 1997 முதல் ஜி.பி.எஸ். பொருத்திய டிராப்சோண்ட் கருவிகளைப் புயலுக்குள் வீசத் தொடங்கினார்கள். சிறு பாராசூட்டில் தொங்கி இறங்கும் அந்தக் குழாய், கடலில் விழும் வரை காற்றின் வேகத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். மார்க் பவெல், பீட்டர் விக்கரி, திமோத்தி ரெய்ன்ஹோல்ட் மூவரும் அப்படிக் கிடைத்த 300-க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2003-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். காற்று மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டரைத் தாண்டியதும் இழுவை ஏறுவது நின்றுவிடுகிறது, அதற்கு மேல் இறங்கவும் செய்கிறது என்பது அவர்கள் கண்டது. மறு ஆண்டே மயாமியில் மார்க் டொனெலன் குழுவினர் ஒரு நீர்த்தொட்டியில் செயற்கைப் புயல் அடிக்கவிட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே வேகத்தில் இழுவை நின்றது.

ஏன்? அந்த வேகத்தில் கடல் வெள்ளை வெளேரென்று நுரைத்துவிடுகிறது. அலைகளின் முகடுகளைக் காற்று சீவி எறிகிறது. நீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கரடுமுரடான கடல்மேல் நுரையாலும் திவலையாலும் ஒரு வழுக்கும் போர்வை விரிகிறது. காற்று அதன்மேல் சறுக்கிப் போகிறது. இதுதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அலை முகடுகளைத் தாண்டும் காற்று கீழே இறங்கிப் பள்ளத்தைத் தொடாமலே போய்விடுவதும் காரணம் என்கிறார்கள் வேறு சிலர்.

இழுவையின் கதை இப்படி ஓரளவு பிடிபட்டது. வெப்பத்தின் கதை அடம்பிடித்தது. 2003-ல் ஃபேபியன், இசபெல் என்ற இரண்டு அட்லாண்டிக் புயல்களுக்குள், கடலிலிருந்து 70 மீட்டர் உயரம் வரைக்கும் விமானத்தை இறக்கி ஆவி மேலேறுவதை நேரடியாக அளந்தார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்றில், இருபது மாடி உயரத்தில் பறப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். உயிரைப் பணயம் வைத்து எடுத்த அந்த அளவீடுகளில், இரண்டு கெழுக்களின் விகிதம் சராசரியாகச் சுமார் 0.63. இமானுவேல் சொன்ன எல்லைக்கும் கீழே! கெழுவுக்குள் அடங்காத ஏதோ ஒரு வழியில் புயல் வெப்பத்தைப் பெறுகிறதா?

சந்தேகம் திவலையின்மேல் விழுந்தது. எட்கர் ஆண்ட்ரியாஸ் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். அவர் காட்டிய கணக்கு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. அலை முகட்டிலிருந்து ஒரு திவலை காற்றில் எறியப்படுகிறது. கடலின் வெதுவெதுப்போடு கிளம்பிய அது ஒரு விநாடிக்குள் குளிர்ந்துவிடுகிறது. முழுதாக ஆவியாகிக் காயவோ பல நிமிடங்கள் ஆகும். காற்றிலேயே முழுதாகக் காய்ந்துபோனால் புயலுக்கு லாபம் அதிகம் இல்லை, ஏனென்றால் ஆவியாவதற்கான வெப்பத்தை அது சுற்றியுள்ள காற்றிடமிருந்தே வாங்கிக்கொண்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிய கதை. ஆனால் சூடாகக் கிளம்பி, குளிர்ந்து, காயும் முன்பே கடலில் விழுந்தால்? அப்போது கடலின் வெப்பத்தை அது காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. புயலுக்கு உண்மையில் சோறு போடுவது, குளிர்ந்து திரும்பி விழும் அந்தத் திவலைதான். கோடிக்கணக்கான திவலைகளில் எத்தனை காய்கின்றன, எத்தனை திரும்புகின்றன என்பதை மாதிரிகள் இன்றும் ஊகமாகவே வைத்திருக்கின்றன. இதற்காகவே மயாமி பல்கலைக்கழகத்தில் 23 மீட்டர் நீளத்தில் சஸ்டெய்ன் என்ற ஒளிபுகும் தொட்டி கட்டியிருக்கிறார்கள். மிகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயலின் காற்றை அதற்குள் அடிக்கவைக்க முடியும்.

அடுப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு விறகைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. புயல் கடலைக் கலக்குகிறது. கலங்கினால் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். வந்தால் ஆவியாதல் குறையும். புயலின் நடுப்பகுதிக்கு அடியில் கடல் 2.5 டிகிரி குளிர்ந்தாலே அடுப்பு அணைந்துவிடும் என்கிறது ஒரு கணக்கு. மெதுவாக நகரும் புயல் தன் விறகைத் தானே நனைத்துக்கொள்கிறது. நெடுங்காலம் மாதிரிகளில் கடல் அசையாத வெந்நீர்ப் பாயாக மட்டுமே இருந்தது. அமெரிக்காவில் கடல் மாதிரியையும் காற்று மாதிரியையும் பிணைத்த கணிப்பு 2001-ல் நடைமுறைக்கு வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இப்போது புயலுக்கான மாதிரியைக் கடலோடு பிணைத்தே ஓட்டுகிறது. மேற்பரப்புச் சூடு மட்டும் போதாது, அந்தச் சூடு எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதும் வேண்டும். 2005-ல் கத்ரினா புயல், மெக்சிகோ வளைகுடாவில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான வெந்நீரோட்டத்தின்மேல் ஏறியபோது அதன் ஆவேசம் எப்படிக் கூடியது என்பதை உலகமே பார்த்தது.

நம் வங்காள விரிகுடாவுக்கு இதில் ஒரு தனிக் குணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் தென்மேற்குப் பருவமழையின் வெள்ளத்தை அதில் கொண்டுவந்து கொட்டுகின்றன. நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது. நன்னீர் மேலே மூடிபோலப் படர்ந்து நிற்கிறது. மூடிக்கு அடியில் உள்ள நீரும் பல இடங்களில் வெதுவெதுப்பாகவே இருக்கிறது, சில இடங்களில் மேற்பரப்பைவிடச் சூடாகவும் இருக்கிறது. புயல் எவ்வளவு கலக்கினாலும் குளிர்ந்த நீரை எளிதில் மேலே இழுக்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாசிஸ் சென்குப்தாவும் உடனாய்வாளர்களும் 2008-ல் இதை எடுத்துக் காட்டினார்கள். பருவமழைக்கு முன்வரும் புயல்கள் கடலை 2, 3 டிகிரி குளிரவைக்கின்றன. பருவமழைக்குப் பின் வடக்கு விரிகுடாவில் வரும் புயல்களால் ஒரு டிகிரிகூடக் குளிரவைக்க முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, அந்த நன்னீரை ஆந்திரக் கரை வழியாக நம் கரைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுவருகிறது. வாடைக் காற்று வீசும் அதே மாதங்கள். நம் புயல் மாதங்கள்.

ஆகவே, எங்கோ அட்லாண்டிக்கில் சரியாக வேலைசெய்யும் மாதிரியை எடுத்துவந்து இங்கே ஓட்டினால் போதாது. வெப்பத்தோடு உப்பையும் சரியாகக் கொடுக்க வேண்டும். உப்பில் தவறினால் மூடி தவறும், மூடி தவறினால் கடல் குளிர்வது தவறும், அது தவறினால் புயலின் வலிமை தவறும்.

2020 மே மாதம் ஆம்பன் புயல், 30 டிகிரிக்கு மேல் கொதித்துக் கிடந்த விரிகுடாவில் 16-ஆம் தேதி மாலை புயலாகி, 18-ஆம் தேதியே அதிதீவிரத்தையும் தாண்டிச் சூப்பர் புயலானது. 1999 ஒடிசா புயலுக்குப் பின் வங்கக் கடல் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அதற்கு நேர்மாறானது 2024 நவம்பரின் ஃபெஞ்சல். ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று 28-ஆம் தேதி எதிர்பார்க்கப்பட்டது. 29 பிற்பகலில் புயலானது. மறுநாள் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அந்த மழையில் பெரும்பகுதி சில நாள்களுக்கு முன் கடலின் தோலிலிருந்து ஆவியாகக் கிளம்பிய நீர்தான். காற்றின் வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்து ஒரு புயலைச் 'சின்னப் புயல்' என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரம் அளவீடு. நம் கடலில் வழக்கமாகப் புயலுக்குள் போகும் விமானங்கள் கிடையாது. 2021 செப்டம்பர் 30-ல் அட்லாண்டிக்கின் சாம் புயலுக்குள் செய்ல்டிரோன் என்ற ஆளில்லாப் படகு புகுந்து, 15 மீட்டர் அலைகளுக்கு நடுவிலிருந்து படம் அனுப்பியது. அது போன்ற படகுகள் இங்கேயும் வர வேண்டும் என்பது என் விருப்பம். இப்போதைக்கு நமக்கு வாய்த்தவை இரண்டு. ஒன்று, 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து சேதி சொல்லும் ஆர்கோ மிதவைகள். மற்றொன்று, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆழ்கடலில் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மஞ்சள் மிதவைகள். காற்று, ஈரப்பதம், 500 மீட்டர் ஆழம் வரைக்குமான வெப்பம், உப்பு எல்லாவற்றையும் அவை செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன. புயல் அவற்றின் பக்கமாகப் போகும் நாளில், வேறு எந்த வழியிலும் கிடைக்காத எண்கள் கிடைக்கின்றன.

அந்த மிதவைகளின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் படகு கூடும். மிதவையில் படகைக் கட்டுவதால் நங்கூரக் கயிறு அறுவது, வலை சிக்கிக் கருவிகள் நொறுங்குவது, சூரியத் தகடுகள் காணாமல் போவது எல்லாம் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பிழைப்புக்காக அலையும் மனிதனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒக்கியில் போனவர்களும் அதே மனிதர்கள்தான். மிதவை தரும் எண்ணால் முதலில் பிழைக்கப்போவது, கரையிலிருந்து நூறு கடல் மைல் தள்ளித் தங்கியிருக்கும் படகுதான். அந்த எண் அவர்களை எட்ட வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. ஒக்கிக்குப் பிறகு, 2019-ல், செல்போன் எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. அது ஒவ்வொரு தங்கல் படகிலும் இருக்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். மஞ்சள் மிதவையைக் கண்டால் படகைக் கட்டாதீர்கள், அதன் அருகே வலை வீசாதீர்கள். நங்கூரம் அறுந்து மிதந்து வரும் மிதவையைப் பார்த்தால் கடலோரக் காவல்படைக்கோ மீன்வளத் துறைக்கோ உடனே சொல்லுங்கள்.